அம்மா மஞ்சள் வைத்த சாவடிக் கல்

என் தந்தையாரின் நினைவாக எங்கள் ஊரில் இருந்த ஒரே கல்லை உடைத்தவன் நான். சுதந்திரப் போராட்டத்தில் நான் செய்த காரியம் என்று சொல்லி, பிற்காலத்தில் மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவருடைய பெருமைகளை மட்டும் எழுதி முடித்தால் அது இன்னொரு பொய்யாகும்.

அம்மா பிறந்தது தீர்த்தமலைக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். பதினைந்து வயதில் பாப்பாரப்பட்டியை அடுத்த எங்கள் ஊருக்கு வாழ வந்தார். நான் வயிற்றில் இருந்தபோது அப்பா முதல் உலகப் போருக்குப் போனார். உடல் வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்ற சேதியும் வரவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, சர்க்கார் ஆட்கள் ஊர்ச் சாவடியின் முன்சுவரில் ஒரு சலவைக்கல்லைப் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்று ஆங்கிலத்தில் மூன்று வரிகள். அந்த ஒருவர் அப்பா. அவர் பெயர் அதில் இல்லை.

சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டு, அதை வேடியப்பன் என்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவுக்குச் சாவடிக் கல்லும் அப்படித்தான். அமாவாசைதோறும் எண்ணெய் பூசுவார். நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய ஆண்டில் என்னைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார்.

"உங்கப்பன் பேரு எங்க இருக்குதுன்னு காட்டு கண்ணு. பேரு மேலயே மஞ்ச வெக்கறேன்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். உயிர் என்று பொருள்படும் சொல் அது. அன்று முதல் அதன் மேல் மஞ்சள் ஏறியது.

முதலில் ஆண்டுக்கொருமுறை ஓர் அதிகாரி வந்து அந்தக் கல்லுக்கு மாலை போட்டார். பிறகு யாரும் வரவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் அதன் கீழே ஆடு கட்டினார்கள், புளிமூட்டை சாய்த்தார்கள். வெற்றிலை எச்சில் தெறித்ததை அம்மாதான் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவுவார். ராகி அறுக்கக் கூலிக்குப் போய் வயிற்றைக் கழுவிக்கொண்டு, அப்பாவுக்காக வந்த பட்டாளத்துப் பென்ஷனை என் படிப்புக்கே கொடுத்தார். நான் ஆசிரியரானேன்.

இரண்டாம் போர் வந்ததும் சாவடிக்குத் திடீரென்று மரியாதை வந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, கல்லுக்கு மாலை சாத்தி, அதன் எதிரே தமுக்கடித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அம்மா வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அந்தக் கல்லுல இன்னும் எத்தன பேருக்கு எடம் இருக்குதுன்னு பாக்க வந்திருக்காங்கடா. நீ அந்தப் பக்கமே போவாத."

அப்போது எனக்குக் கதர் உடுத்திய நண்பர்கள் சிலர் இருந்தார்கள். "வாத்தியாரே, உங்க வூட்டுச் சாமிக்கு அர்ச்சன தமிழ்லயா, இங்கிலீஷ்லயாங்க?" என்று ஒருவர் கேட்பார். "வெள்ளக்காரன் கல்லுக்கு எண்ணெக் காப்பு பண்ற வூடு இந்தத் தாலுகாவுலயே இது ஒண்ணுதான்," என்பார் இன்னொருவர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளையனே வெளியேறு என்று நாடு எழுந்த ஆண்டில், ஒரு சந்தை நாளில், அவர்கள் பார்க்கக் கடப்பாரையால் அந்தக் கல்லை உடைத்தேன். நாட்டுக்காக என்பது பாதி உண்மை. அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் ஓங்கினேன்.

மறுநாள் போலீஸ் வந்தது. ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவை நிறுத்திக் கேட்டார்கள். "ஈரச் சொவருங்க. தானா உழுந்துருச்சு," என்றார்.

அவர்கள் போனபின் என்னை நான் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். "அதுல அப்பா பேரே இல்லம்மா. அன்னிக்கு நான் சும்மா காட்டினேன். செத்தவங்க எத்தன பேருன்னு மட்டும்தான் இருந்துச்சு."

"பேரு இல்லாட்டி போவுது," என்றார் அம்மா. "நீ தொட்டுக் காட்டின எடம்னு ஒண்ணு இருந்துச்சில்ல."

பஞ்ச காலத்தில் சாவடி ரேஷன் கடையாயிற்று. மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் சுவர்க் குழியில் பீடித் துண்டுகளைச் செருகினார்கள். விடுதலை நாளில் அந்தக் குழியைச் சுண்ணாம்பால் பூசி மூடி, எதிரே கொடிக்கம்பம் நட்டோம். கூட்டம் கலைந்தபின், பூசிய சுவரில் அம்மா உள்ளங்கையை வைத்துத் தடவித் தேடுவதைக் கண்டேன்.

மறு ஆண்டு, கருங்கல்லில் அப்பாவின் பெயரைத் தமிழில் வெட்டச் செய்து, எங்கள் நிலத்து மேட்டில் வேடியப்பன் கற்களுக்கு அருகே நட்டேன். அம்மாவின் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக ஓட்டிக் காட்டினேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இருடா கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போய், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள் ராஜம்மாளை அழைத்து வந்தார். எட்டாவது வரை படித்தவர் அவர்.

"இதுல என்ன எழுதியிருக்குது? நீ படிம்மா."

ராஜம்மாள் என்னைச் சங்கடத்தோடு பார்த்துவிட்டுப் படித்தார்.

"இன்னொருக்கா படி."

தன் வாயால் ஒருநாளும் சொல்லாத கணவர் பெயரை இரண்டு முறை கேட்டபின்தான் அம்மா எண்ணெய் ஊற்றினார்.

அவர் என்னைத் திட்டியதில்லை. எனக்குச் சோறு போட ஒருவேளையும் தவறியதில்லை. ஆனால் அதன்பின் கடிதமோ, பத்திரமோ, நான் படித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு, ராஜம்மாளிடம் கொண்டுபோய் மறுபடி கேட்பார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது டாக்டர் எழுதியதை நான் படித்ததும், "ராஜம்மா வரட்டும்," என்றார். அம்மா என்னிடம் பேசிய கடைசிச் சொற்கள் அவைதான்.

அம்மாவை இரவும் பகலும் தாங்கிய என் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், மழையில் தோள் கொடுத்துக் கொண்டுசென்ற உறவினர்களுக்கும், அடக்கத்துக்குச் சித்தேரியிலிருந்து நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ராஜம்மாள் அம்மையாருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரை வரவழைத்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்கா படிக்கட்டுங்களா?" என்றார்.

"படிங்க," என்றேன்.