கபரகொய்யா குறுக்கே வந்தபோது

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். நெல்லியாளத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலையெல்லாம் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

அம்மா பிறந்தது கண்டிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தாத்தாவுக்கு இந்தியா பாஸ்போர்ட் கிடைத்து, குடும்பத்தோடு நீலகிரிக்கு வந்துவிட்டார்கள். கல்யாணமாகியிருந்த பெரியம்மா மட்டும் புருஷன் வீட்டாரோடு அங்கேயே நின்றுபோனார். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. சமீப காலமாக வீடியோ காலில் முகம் பார்த்ததோடு சரி.

ஏர்போர்ட்டில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, "வாங்க, பிரயாணமெல்லாம் சுகமா?" என்று கேட்டார். "சுகந்தாங்க அக்கா" என்றாள் அம்மா. பெரியம்மா இப்போது தன் மகனோடு கொழும்பில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார். அங்கேயும் அப்படித்தான். "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க." "போதுங்க அக்கா." அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கக்கா என்னைய விருந்தாளியாட்டம் பாக்குது" என்று முகம் வாடினாள்.

பெரியம்மாவின் மருமகள்தான், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் பக்கத்துச் சதுப்பு நிலப் பூங்காவுக்குப் போய் வரச் சொன்னார். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள், நடுவில் தண்ணீரும் கோரையும். தண்ணீருக்கு மேலே பலகைப் பாதை. பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. நாரைகள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அம்மா வாசலிலேயே நின்று, "இங்க ஆன வருமா?" என்று கேட்டாள். "டவுனுக்குள்ள ஆன எங்கங்க வரும்?" என்றார் பெரியம்மா. ஆனாலும் அம்மா ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். யானை நடமாடும் எங்கள் ஊர்ப் பழக்கம்.

திடீரென்று கோரைக்குள்ளிருந்து ஆள் நீளத்துக்கு ஒன்று பலகை மேல் ஏறி, அம்மாவுக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டியது.

"முதல! முதல!" அம்மா ஓடத் திரும்பினாள். காலையில் பெய்த மழையில் பலகை வழுவழுவென்று இருந்தது.

"ஏய், ஓடாதடீ!" பெரியம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வழுக்கி வுழுந்து தொலைக்காத! அது கபரகொய்யாடீ, ஒண்ணுஞ் செய்யாது!"

அந்தப் பெரிய நீர் உடும்பு தண்ணீரில் இறங்கி நீந்திப் போய்விட்டது. பெரியம்மா பிடித்த கையை விடவில்லை.

"கபரகொய்யா" என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "தோட்டத்துல நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால முட்ட திங்க வருமே, அதுவா?"

"அதேதான். நீ அப்பவும் இப்படித்தான் கத்துவ. மாட்டுக் கொட்டாய் மேல ஏறி நின்னுக்கிட்டு எறங்கவே மாட்டேன்னியே."

"நீ மட்டும் என்னவாம்? அட்டைக்குப் பயந்து கொழுந்தெடுக்கப் போகமாட்டேன்னு அழல?"

பெரியம்மா அவள் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த நாரை பறந்தது.

அதன்பின் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. நீலப் பாவாடை யாருடையது, பால் சட்டியை உடைத்தது யார் என்று சண்டை போட்டபடி இருவரும் முன்னால் நடந்தார்கள். பைகளையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போன நான், பட்டமரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்தைத் தனியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி நூல் கோக்கிற கண்ணுக்கு அந்தப் பச்சை இதமாக இருந்தது.

மறுநாள் கடற்கரைக்குப் போகலாம் என்றேன். இருவரும் பூங்காவுக்கே போகணும் என்றார்கள். அதற்கடுத்த நாளும் அதேதான். கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "கொழும்புல என்னென்னங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"எங்கக்காளோட நல்லா சண்ட போட்டேன்" என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரிப்பாக.