வாய் வெந்த ஒயர்லெஸ் பெட்டி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பதினோரு பெட்டிகளில் ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஒரே பெட்டியை, பதினாறு வயதில், பேசியே கொன்றவன் நான். டிரான்சிஸ்டர் வெந்த அந்தக் கருகல் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

மூடிப்போன ஒரு கால்டாக்ஸி கம்பெனியின் ஒயர்லெஸ் பெட்டிகள் அவை. சிங்காநல்லூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து நானும் முருகேசனும் மூட்டையாகக் கட்டி வந்தோம். எதைத் திறந்தாலும் ஊதுபத்திச் சாம்பலும் பீடி வாசமும். துடியலூரில் எனக்கு அடுத்த வீதிக்காரனான முருகேசன், என்னோடு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய கையோடு, அப்பாவின் வேலைக்காகப் பெருந்துறைக்குக் குடிபோய்விட்டான். எங்கள் சின்ன செட்டுகளின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. மலைமேல் ஒரு ‘ரிப்பீட்டர்’ வைத்தால் எட்டும். அதாவது, ஒரு பெட்டி கேட்க வேண்டும், கேட்டதை அந்த நொடியே இன்னொரு பெட்டி வேறு அலைவரிசையில் உரக்கச் சொல்ல வேண்டும்.

சனிதோறும் அவன் பஸ் ஏறி வந்தான். சோதித்ததில் ஒன்பது பெட்டிகள் பிணம். ஒன்றுக்குக் காது நன்றாக இருந்தது, ஒன்றுக்கு வாய். இரும்புத் திருப்புளி பட்டால் காயில்களின் சுருதி கெடும் என்பதால் அம்மாவின் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சீவித்தான் திருகினோம். ஏரியலுக்குப் பதிலாக அப்பாவின் ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பைக் கழற்றி மாட்டியிருந்தோம். பட்டனை அமுக்கிப் பேசினால் பல்பு எரியும். சக்தி போக ஒரு வழி வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி தன் சூட்டில் தானே வெந்துபோகும்.

மலைமேல் இருந்த ஒயர்லெஸ் கோபுரத்தில் எங்கள் பெட்டிகளுக்கு இடம் பிடித்துத் தந்த, அங்கே வேலை பார்த்த மெக்கானிக் நாச்சிமுத்து அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “ஞாயித்துக்கெழம வேன் மேல போகுதுங்க தம்பி. அன்னிக்கு உட்டா எடம் வேற ஆளுக்குப் போயிருமுங்க.”

சனிக்கிழமை முருகேசன் வரவில்லை. பெருந்துறையில் மொட்டைமாடி ஏறி ஏரியல் கட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அப்பா ஸ்கூட்டர் எடுக்க வேண்டுமென்று பல்பைக் கேட்டார். பவ்யமாகக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு, பல்பு இல்லாததை யோசிக்காமல், மறுநாள் திறப்புவிழாவுக்கு ஒத்திகை பார்க்கலாமென்று பட்டனை அமுக்கி, “பெருந்துறை எல்லாம் ஏறுங்க” என்று கண்டக்டர் குரலில் ஆரம்பித்து, என் நகைச்சுவையை நானே ரசித்தபடி நெடுநேரம் முழங்கினேன். கேட்க ஆளில்லாத சொற்பொழிவுக்குப் பெட்டிதான் புகை விட்டது. “வாயி பெருத்தவன் வேல வெளங்காது கண்ணு” என்று அப்பா அடிக்கடி சொல்வதை அன்று பெட்டியே சொன்னது.

ஞாயிறு வேன் போனது. முருகேசன் பொழுது சாயும்வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தானாம். போனில் அவனிடம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், வாங்கும்போதே வாய் செத்த பெட்டி என்று அளந்தேன். “செரி, உடுறா” என்றான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும். நானும் ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம்; போகவில்லை.

இன்று அந்த மலை முழுக்கச் செல்போன் கோபுரங்கள். பெட்டிகள் மறுபடி பழைய இரும்புக்கே போய்விட்டன. எங்கள் அலைவரிசையில் இரைச்சல் மட்டும்தான். போன வாரம் யாரிடமோ முருகேசனின் எண் கிடைத்து, பல்பு, கண்டக்டர் குரல், பொய் எல்லாவற்றையும் நடுநடுவே சிரிப்புப் படங்கள் வைத்து ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். என்னை ‘டா’ போட்டே பேசியவனிடமிருந்து இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:

“டூட்டில இருக்கேனுங்க.”