தேத்தண்ணியில் கலந்த மருந்து

சிபானா வேலை செய்யும் தகரக் கொட்டிலில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். சதை ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். அவள் வீட்டுக்குக் கையில் ஒட்டிய வாடை மட்டும் வரும். இதென்ன நியாயம் என்று அவள் கேட்டதில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து கற்பிட்டிப் பக்கம் குந்திய குடும்பத்துப் பிள்ளை; கேட்டுப் பெறுகிற பழக்கம் அந்த வீட்டிலேயே இல்லை.

மகள் முஃப்லிஹாவுக்கு நாலு வயது. கிளினிக்கில் சோதித்துவிட்டு இரத்தம் குறைவு என்றார்கள், இரும்புச்சத்துப் பாணி மருந்து கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் பிள்ளை துப்பிவிட்டது. அந்த நாற்றத்தை எந்தப் பிள்ளைதான் குடிக்கும்? சிபானா மூளையைப் பாவித்தாள். முஃப்லிஹா மறுக்காமல் குடிப்பது ஒன்றே ஒன்றுதான், சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. அதில் பாணியைக் கலக்கி, பாண் துண்டைத் தோய்த்துத் தீத்தினாள். தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்தது. மருந்து நன்றாக இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள். ஒரு நாள் தவறவில்லை.

மறுபடி சோதித்தபோது இரத்தம் முன்பைவிடக் குறைந்திருந்தது. கிளினிக் மருத்துவமாதுவை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மருந்து குடுத்தீங்களா, இல்ல அலுமாரிக்குள்ள வெச்சிட்டீங்களா?"

"ஒரு நாளும் விடல்ல மிஸ். தேத்தண்ணியில கலக்கித்தான் குடுத்தன்."

"தேத்தண்ணியிலயா? அல்லாஹ்வே! தேயிலைச் சாயம் மருந்த உடம்பில சேர விடாது. இவ்வளவு நாளும் குடிச்சது வீண். இனித் தண்ணியில குடுங்க. தேத்தண்ணிய அடியோட நிப்பாட்டுங்க. ஈரல், முட்டை, மீன், நண்டு, இதெல்லாம் குடுங்க."

"நண்டு?"

"ஓம், நண்டு. கடக்கரையிலதானே இருக்கிறீங்க?"

அடடா, என்ன யோசனை! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. சிபானாவுக்கு ஒன்றும் வரவில்லை. தன் கையாலேயே பிள்ளையின் மருந்தைக் கெடுத்திருக்கிறாள், அதற்கு அழுகைகூட வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் ஒரே யோசனை. காலைப் பசியை அடக்குவதே அந்தத் தேத்தண்ணிதான். அதை நிறுத்தினால் பிள்ளை கத்துகிற கத்தில் ஊர் கூடும். பக்கத்து வீட்டு சுல்பா ஓடி வந்து என்ன ஏது என்று கேட்பாள். வேலைக்குப் பிந்தினால் கொட்டிலில் ஏச்சு. புருஷன் முனாஸ் கூலிக்குத் தோணி ஏறுகிறவன். கடல் அடித்தால் அவனும் வீட்டில்தான். இரத்தம் ஏறாவிட்டால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?

மறுநாள் காலை மருந்தைத் தண்ணீரில் கலந்து, மூக்கைப் பிடித்துப் பருக்கினாள். முஃப்லிஹா விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"உம்மா, தேத்தண்ணி?"

"இனி இல்ல மக."

சிபானா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தலை எதிர்பார்த்தாள். முஃப்லிஹா கத்தவில்லை. வெறுங்கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாயில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அழுவதற்கும் உடம்பில் இரத்தம் வேண்டுமே!

சிபானா பக்கத்தில் குந்தி அவள் தோளை உலுக்கினாள்.

"அழு மக," என்றாள். "கொஞ்சம் அழு."