விஜயலெட்சுமி கேட்ட வேட்பாளர்

எங்கள் விஜயலெட்சுமி பிரதேச சபைக்குப் போனது எப்படி என்று யாராவது வந்து கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர்கள் கேமராவும் கையுமாக வருகிறார்கள். தோட்டத்துப் பெண்ணின் எழுச்சி, விழிப்புணர்வு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாள். எழுச்சியாவது மண்ணாவது! அவளுக்கு அவள் மகள் வீட்டுக்கு வரவேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

நான் செல்லாயி. தெமோதரையிலிருந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டப் பிரிவு எங்களுடையது. அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போனதும் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. விஜயலெட்சுமியின் மகள் தனுஜாவைத் தொட்டிலில் ஆட்டியதும் நான்தான். லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த காம்பரா. அவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் எனக்குக் கேட்கும், அப்படிப்பட்ட சுவர்.

அவள் புருஷன் குளவி கொட்டிச் செத்தபோது தனுஜா அப்போதுதான் நடை பழகியிருந்தது. அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் ஒருத்தியாக நின்றாள். பதுளைக்குப் பஸ் ஏற்றி உயர்தரம் வரை படிக்கவைத்தாள். படித்த பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? கொழும்புக்கு, வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டது. முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்தது. பிறகு, தீபாவளிக்குத்தான் கடையில் வியாபாரம், லீவு கிடையாது என்றது. அதற்கப்புறம் முறுக்கு டின்தான் யார் கையிலாவது கொழும்புக்குப் போகும், பிள்ளை வராது.

சாயந்தரம் கீழே ரயில் கூவினால் போதும், விஜயலெட்சுமி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

“ஏன்டி, யாரு வர்றா?” என்பேன்.

“சும்மாதான்க்கா.”

சும்மாவாம்!

ஒருநாள் போனில் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறாள். “அங்க வந்து நான் என்னம்மா செய்ய? கொழுந்தா எடுக்க?” என்று கேட்டுவிட்டது பிள்ளை. அந்த ஒரு கேள்வியை இவள் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். மகள் வந்து செய்வதற்கு இங்கே ஏதாவது ஒன்று வேண்டும். மரியாதையான ஒன்று. அது எங்கே கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நேரத்தில்தான் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் யார் நிற்பது என்று டவுனில் கட்சிக்காரர்கள் முடிவு பண்ணுவார்கள். மாலை போடுகிற வேலை மட்டும் நமக்கு. ஒரு தடவை ஹாட்வெயார் கடை முதலாளி வந்தார். இன்னொரு தடவை யாருடைய மருமகனோ வந்தான். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. பெண்கள் பெயரும் பட்டியலில் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, இடத்தை நிரப்ப எங்களிடம் பெயர் கேட்டு வருவார்கள். போன தடவை என் பெயரும் போனது. கையெழுத்து வாங்கினார்கள், டீ கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். நானும் ஒரு வேட்பாளர் என்பது ஓட்டுப் போடுகிற அன்றைக்கு எனக்கே ஞாபகம் இல்லை!

இந்தத் தடவையும் கட்சியிலிருந்து விஜேந்திரன் வந்தான். நல்ல பையன்தான், வாய்தான் நிற்காது.

“பேரு மட்டும் குடுங்கக்கா, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம். பொம்பளைங்க பேரு கொறைஞ்சா முழுப் பட்டியலையும் தள்ளிருவாங்க. கொஞ்சம் ஒதவி பண்ணுங்க” என்றான்.

விஜயலெட்சுமி கூடையைக் கீழே வைத்தாள். “அப்போ எங்க பேரு இல்லாட்டி ஒங்க பட்டியலே போகாதா தம்பி?”

விஜேந்திரன் முழித்தான். “சட்டம் அப்படித்தான்க்கா…”

அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தனை பேர் நடுவில் நின்று இவள் சொன்னாள்: “யாரும் பேரு குடுக்காதீங்க. நம்ம வட்டாரத்துக்கு ஆள நாம சொல்லுவோம். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் கையெழுத்து.” சத்தமாகப் பேசியே பழக்கமில்லாதவள். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கணபதிக்குக் கோபம், சங்கமும் கட்சியும் ஒன்றுதானே. “சங்கத்துக்கு எதிராப் போறீங்களா?” என்று பாய்ந்தார்.

“சங்கத்துக்குச் சந்தா நாங்களுந்தான் கட்டுறோம் தலைவரே.”

விஷயம் பக்கத்துப் பிரிவுகளுக்கும் பரவியது. விஜேந்திரன் போன இடமெல்லாம் பெண்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள். மனுத் தாக்கல் நெருங்க நெருங்க டவுனில் ஆட்டம் கண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தபோது அவனே வந்து சொன்னான்: “ஒத்துக்கிட்டாங்க. ஆளச் சொல்லுங்க.”

விஜயலெட்சுமி எழுந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “என் மக தனுஜா. படிச்சிருக்கா, சிங்களமும் நல்லாப் பேசுவா.”

விஜேந்திரன் துள்ளினான். இளம் வயது, அதிலும் பெண். அவனுக்கு வேறென்ன வேண்டும்? கூட்டம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. எல்லார் மனதிலும் இருந்ததைப் பெரியாயி எழுந்து கேட்டாள். கொழுந்தெடுப்பதில் அவள் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

“தங்கமான புள்ளதான், நான் இல்லைங்கல. ஆனா அது இந்தப் பக்கம் வந்து எத்தன தீவாளி ஆச்சு? டவுன்காரன் வேணாம்னுதானே இம்புட்டும் பண்ணுனோம்? இப்ப கொழும்புக்காரிய எதுக்குக் கேக்குற? நீ நில்லு விஜயா. வாயத் தொறந்து கேட்டது நீதானே!”

கைகள் உயர்ந்தன. ஒவ்வொன்றாக உயர்ந்து, கடைசியில் கணபதி தலைவர் கையும் மேலே இருந்தது. என் கை மடியிலேயே இருந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்ய? பெரியாயி கேட்டதில் ஒரு சொல்லாவது தப்பா? நானும் தூக்கினேன்.

இவள் மறுத்தால் டவுனில் ஒரு ஆள் தயாராக இருப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“சரி, நிக்கிறேன்” என்றாள். கூட்டம் கைதட்டியது. கண் கலங்குகிறது, சந்தோஷம் போல என்று விஜேந்திரன் சொன்னான். அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினால்தான் சிக்னல். ரெண்டு பேரும் ஏறிப் போய் தனுஜாவுக்கு எடுத்தோம். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள், மகள் பெயரைத் தான் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு.

“நீயாம்மா!” பிள்ளை சிரித்தது. “எங்கம்மா தேர்தல்ல நிக்கிது!” இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கேட்டது: “அப்போ ஜெயிச்சா அங்கயேதான் இருக்கணும், என்னம்மா?”

“ஆமாடி. இவங்க எல்லாரும் கை தூக்கிட்டாங்களே.”

“நான் ஒரு ரூம் எடுத்துட்டேன்மா. ஹொஸ்டல விட்டு வந்துட்டேன். சித்திரைக்கு நானே வந்து ஒன்னையக் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு சொல்லாம வச்சிருந்தேன். இங்க தனியா சாப்பிட முடியலம்மா.”

விஜயலெட்சுமி அழுவாள் என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் அழவில்லை. “அடுப்பு எந்தப் பக்கம் வச்சிருக்க?” என்று கேட்டாள். ஜன்னல் இருக்கிறதா, வெயில் வருமா, பக்கத்தில் கோயில் உண்டா, துணி எங்கே காயப்போடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளையும் ஒவ்வொன்றாகச் சொன்னது. போனில் பேட்டரி தீரும்வரை அந்த ரூமைப் பற்றியே பேசினார்கள். வந்துவிடு என்று அந்தப் பக்கமும் சொல்லவில்லை, இந்தப் பக்கமும் சொல்லவில்லை.

மறுநாள் பதுளைக்குப் போய் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அவளுக்கு மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்குகிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ரெண்டு தலகாணி வாங்கி வச்சிருக்காளாம்.”