தொடர்கதையின் கடைசித் தாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தென்காசிப் பக்கம் அது ஒரு குறையாகவே தெரியாது. அங்கே எல்லோருக்கும் நீளம்தான். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த பிறகுதான் அதை மடித்து வைக்க வேண்டியிருந்தது. என் கணவருக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, இரண்டு தோசையை விழுங்கிவிட்டுப் படுப்பார். படுத்துவிட்டால் ரேடியோ கூடாது, அம்மி கூடாது, தையல் மிஷின் கூடாது, குழாயைக்கூட நூல் மாதிரிதான் திறக்க வேண்டும். பேச்சு கூடவே கூடாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பிளாக்கில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் பகலில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் தெருவில் நடந்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

கத்தரிக்கோல் சத்தம் போடாது. பசையும் சத்தம் போடாது. எங்கள் தெருப் பெண்களுக்கு ஸ்கிராப் புக் பைத்தியம் பிடித்ததற்குக் கலை ஆர்வம் அது இது என்று யாராவது காரணம் சொன்னால் நம்ப வேண்டாம். ஷிஃப்ட்தான் காரணம்.

புத்தகம் என்னவோ பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்பதுதான். தடித்த காக்கித் தாள், அட்டையில் ரோஜாப்பூ. கூட்டுறவுப் பண்டகசாலையில் நான் முதல் முறை கேட்டபோது, பையன் எந்த வகுப்பு என்று கடைக்காரர் கேட்டார். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்பு என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு நான் புத்தகம் வாங்கப் போகும்போதெல்லாம் அவர் என் பையனைப் பாஸ் செய்து மேல் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டே போனார். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்துவிடுவானோ என்று எனக்கே பயமாக இருந்தது.

யார் வீட்டுக்காரர் காலை ஷிஃப்ட்டோ, அந்த வீட்டில் அந்த வாரம் கூடுவோம். பக்கத்து வீட்டுப் பொள்ளாச்சி அக்காதான் எங்களில் மூத்தவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைத் தாள் தாளாகக் கழற்றிச் சேர்த்து, முடிந்ததும் தைத்து பைண்ட் செய்து வைப்பார். அட்டைக்குப் பழைய காலண்டர். அவர் வீட்டுப் பீரோவில் துணிமணியைவிட நாவல்கள் அதிகம். எதிர் வீட்டுக்காரி என் வயதுதான், குறிஞ்சிப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பெண். சேலை விளம்பரங்களாகப் பார்த்து வெட்டுவாள். பசை காய்ச்சுவது அவள் இலாகா. மைதாவில் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவாள். போடாவிட்டால் நமக்கு முன்னால் கரப்பான்பூச்சி படித்து முடித்துவிடும். நான் சேர்த்தது துணுக்குகள். சிரிப்புத் துணுக்கு எங்கே கிடைத்தாலும் விடமாட்டேன்.

வீட்டுக்கு ஒரு பத்திரிகை என்று வாங்கி, தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, எல்லோரும் படித்த பிறகுதான் கத்தரி வைக்கலாம். அதில் ஒரு தகராறும் இல்லை. தாளுக்கு இரண்டு பக்கம் இருப்பதுதான் எங்கள் கூட்டத்தின் தீராத வழக்கு. ஒருத்திக்கு வேண்டிய கோலத்தின் பின்னால் இன்னொருத்திக்கு வேண்டிய குருமா இருக்கும். கடைசி வீட்டு அம்மா ஒருமுறை தன் அதிரசத்தைச் சுற்றி வெட்டியதில் பின்பக்கத்து முருகனுக்கு மயில் இல்லாமல் போயிற்று. இது சரிப்படாது என்று நான்தான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். பத்திரிகை சுற்றும்போதே வேண்டியதன் ஓரத்தில் பென்சிலால் தன் குறியைப் போட்டுவிட வேண்டும். முதல் குறி யாருடையதோ தாள் அவளுக்கு. எதிர்ப்பக்கத்துக்காரி அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

சட்டத்துக்கு முதல் பலி எதிர் வீட்டுக்காரி. கரும்பச்சையில் கடுகு நிறக் கரை போட்ட பட்டுச் சேலை ஒன்று முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. அவள் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பின்னால் இருந்த துணுக்கில் என் பென்சில் முந்திக்கொண்டுவிட்டது. துணுக்கை ஒட்டினேன், அவள் சேலை என் காக்கித் தாளில் முகம் குப்புறப் படுத்துக்கொண்டது. அந்த வாரம் எனக்கு வந்த பசை வெறும் தண்ணீர்.

அடுத்தவர்கள் எழுதிய துணுக்கை எத்தனை நாள்தான் வெட்டி ஒட்டுவது? ஒரு பகல் பொழுதில், அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, ஒரு தபால் கார்டில் நானும் ஒன்று எழுதி அனுப்பினேன்.

"உங்க வீட்டுக்காரர் தூக்கத்தில் பேசுவாராமே?"

"ஆமாம், அவருக்கு நைட் ஷிஃப்ட். வேறு எப்போது பேசுவது?"

மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று நானே மறந்துவிட்டேன். ஒருநாள் காலையில் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏ, நான் எப்ப தூக்கத்துல பேசுனேன்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பஸ்ஸில் யாரோ பத்திரிகையைக் கொண்டுவந்து உரக்கப் படித்திருக்கிறார்கள். பஸ் முழுக்க அவரைப் போட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறது. திட்டப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல், அந்தப் பத்திரிகை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

கடைக்கு எதற்கு, எங்கள் கூட்டத்தில் அதை வாங்குவது பொள்ளாச்சி அக்காதானே என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தாளின் கீழ்க்கோடியில், கட்டம் கட்டி, என் துணுக்கு. அடியில் என் பெயர், பக்கத்தில் நெய்வேலி. பெயரை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். பிறகு அக்கா மெதுவாகத் தாளைத் திருப்பினார். இரண்டு வருஷமாக ஓடிய தொடர்கதையின் கடைசிப் பக்கம் அது. கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தது. ஓரத்தில் அக்காவின் பென்சில் குறி.

வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. முடிவு வரும் வாரம் என்பதால் வந்த கட்டெல்லாம் வந்த வேகத்தில் விற்றுவிட்டது. தூக்கத்தையும் விட்டுவிட்டு என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குத்து, குறிஞ்சிப்பாடி என்று பக்கத்து ஊர்களெல்லாம் அலைந்தார். மைன்ஸில் கேட்டால், ஒவ்வொருவர் வீட்டிலும் அதே கதையை பைண்ட் செய்யச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷக் கதையின் கடைசித் தாளை எவள் கொடுப்பாள்? நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா? நகலெடுக்கிற மிஷினெல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம்.

பைண்ட் செய்தால் இரண்டு பக்கமும் தெரியும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள் என்று அக்கா சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் அடுத்த வருஷம் அவர் கணவருக்கு ரிட்டையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விடுவார்கள். பாத்திர பண்டங்களோடு என் பெயரும் லாரியில் ஏறிவிடும். என் புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஊரில் எவரெவரோ எழுதியது. இது ஒன்றுதான் என்னுடையது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது, அவர் அப்போதுதான் படுத்திருந்தார்.

"சட்டம் போட்டது நீதான?" என்றாள் எதிர் வீட்டுக்காரி. பச்சைச் சேலைக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் வந்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், கையில் கொண்டுவந்திருந்த தன் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"எங்க வூட்டுல சின்னது கஞ்சியக் கொட்டிடுச்சி. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கினு வரவே மாட்டேன்னுது. பிடிச்சு இழுத்தா படம் கிழியல. தோலாட்டம் ரெண்டா பிரிஞ்சி வந்துடுச்சி, பாரு."

பார்த்தேன். படத்தின் மேல் தோல் ஒரு பக்கத்திலும் அடித் தோல் மறுபக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தாளை இரண்டு தாளாக உரிக்கலாம்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்ததை ஒரு கூத்து என்றே சொல்ல வேண்டும். தாளின் இரண்டு பக்கமும் கெட்டிக் கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் வேட்டித் துணியை ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, துணியின் மேல் முனைகளைப் பிடித்து ஆளுக்கொரு பக்கமாக இழுப்போம். வந்தால் ஒவ்வொரு துணியிலும் ஒரு தோல் இருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டால் அது தனியே கழன்று மிதக்கும். சோப்பு விளம்பரம், பவுடர் விளம்பரம், பிரஷர் குக்கர் விளம்பரம் என்று வெட்டிப் போட்டதையெல்லாம் உரித்தோம். பாதி பாழாயிற்று. வீடுகளில் பழைய வேட்டி தீர்ந்து, பழையதாகப் போகிற வேட்டிகளிலும் கை வைத்தோம். ஆண்கள் விஷயம் தெரியாமல் வண்ணானைச் சந்தேகப்பட்டார்கள்.

பொள்ளாச்சி அக்கா முதலில் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வேடிக்கை பார்க்க வந்தார். பிறகு அவரும் ஒரு முனையைப் பிடித்தார். கடைசியில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் கை படிந்தது. இழுக்கும்போது எந்தத் துணியை அதிகம் வளைக்கிறோமோ அந்தப் பக்கத்துத் தோல் மெலிந்து அறுந்துவிடும், நேராகப் பிடித்த பக்கத்தோடு தாள் முழுசாக நின்றுவிடும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். ஒருநாள் தானாகவே அந்தத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நல்லபடியாக வந்தால் இரண்டு பேருக்கும் ஆயிற்று என்றார்.

அன்றைக்கு அக்கா வீட்டில் கூடினோம். யாரும் தூங்கவில்லை, ஆனாலும் யாரும் பேசவில்லை. கதைப் பக்கத்துத் துணியை அக்கா பிடித்தார், துணுக்குப் பக்கத்தை நான். மேலிருந்து இழுக்க ஆரம்பித்தோம். முதல் பாதி வெண்ணெய் மாதிரி பிரிந்து வந்தது. எதிர் வீட்டுக்காரி பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துணுக்கின் கட்டத்துக்கு மேலே வந்தபோது என்னை அறியாமல் என் துணியை வளைத்துவிட்டேன். என் பக்கத்துத் தோல் மெலிய ஆரம்பித்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை போனால் என் பெயர் இரண்டாகக் கிழியும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது அக்கா தன் மணிக்கட்டைச் சட்டென்று கீழே மடித்தார். அவர் துணி சுருண்டு, அவர் பக்கத்துத் தோல் அறுந்து, அவர் கையோடு போயிற்று. மிச்சத் தாள் அப்படியே, முழுத் தடிப்போடு, என் துணியில் நின்றுவிட்டது.

அவர் துணியில் கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. மீதிக் கதையும் 'முற்றும்' என்ற வார்த்தையும் என் துணுக்கின் முதுகில் இருந்தன.

தெரியாமல் நடந்துவிட்டது என்று மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"கதை எப்படி முடிஞ்சுதுன்னு எனக்குத்தான் தெரியுமே, கண்ணு. உன்ற பேரு போயிருந்தா ஆரு அதைய எழுதிக் குடுக்கறது?" என்றார். சொல்லிவிட்டு, காப்பி போட எழுந்து போய்விட்டார்.

ஊறவைத்து எடுத்த என் துண்டை நான் மற்றவை மாதிரி ஒட்டவில்லை. மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, தூக்கிப் பார்க்கிற மாதிரி வைத்தேன். அப்புறம்தான் வேடிக்கை. அக்காவிடம் நாவலை இரவல் வாங்கிப் போனவர்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றார்கள். மிச்சம் எங்கே என்று கேட்டால், பக்கத்து வீட்டில் இருக்கிறது, போய்ப் பார் என்று அக்கா கையைக் காட்டிவிடுவார். அடுத்த பிளாக்கிலிருந்தெல்லாம் வந்தார்கள். முடிவைப் படிக்க வேண்டுமானால் முதலில் என் துணுக்கைத் தாண்ட வேண்டும், என் பெயரைத் தூக்க வேண்டும். கதாநாயகி கடைசியில் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் வந்தவர்கள், பாதி வழியில் நின்று சிரித்துவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அந்தச் சிரிப்பை இன்றைக்கும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

மறு வருஷம் அக்கா வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அந்தத் துண்டை விளிம்போடு வெட்டி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலும் புத்தகமுமாகப் போனேன். அக்கா கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தார். புத்தகத்தைப் பிரித்தார். என் துணுக்கைத் தூக்கி, கதை முடிவை நின்றபடியே ஒருமுறை படித்தார். பிறகு துணுக்கை இறக்கிவிட்டு, என் பெயர் மேலே தெரியும்படி உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"இனி முடிவு கேட்டு ஆரும் உங்கிட்ட வரமாட்டாங்க. நல்லா ஒட்டிப் போடு, கண்ணு," என்றார்.

எதிர் வீட்டுக்காரி அன்று சாயங்காலமே கெட்டிப் பசை ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒட்டவில்லை. பொள்ளாச்சியில் யாராவது அந்த நாவலை எடுத்துப் படித்து, பாதி வாக்கியத்தில் நின்று, மிச்சம் எங்கே என்று கேட்டால் அக்கா என் பெயரைத்தானே சொல்லியாக வேண்டும்? கேட்டுக்கொண்டு யாராவது வந்தால், தூக்கிப் பார்க்கிற மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.