பயிற்சி அம்மா

அக்காவுக்கு இரண்டு வேலைகள். வாரம் முழுக்கத் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். மாதத்தில் ஒரு நாள், குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அம்மாவாக நடிப்பாள். இரண்டாவது வேலையைப் பற்றி, அவள் இறந்த அன்றுதான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தது. இளம் டாக்டர்கள் கும்பலாக வந்து வாசலில் நின்றபோது, “யாரு இவங்கல்லாம்?” என்று கேட்டார்கள். அக்காவிடம் தோற்றவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்காவுக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். இளைப்புக்காரி. மூச்சு வாங்கும்போதும் வாய் ஓயாது. வேலை தேடிப் போன அத்தான் திரும்பி வரவே இல்லை. கட்டணம் கட்டாததால் வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். சிட்டு படுக்கும் பக்கத்துச் சுவரில் எப்போதும் ஈரம் கசியும் ஓதம். இழுப்பு வந்தால் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுவாள். முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுப்பார்கள்; மூச்சு சீராகும். வீட்டிலும் கொடுக்கச் சொல்லி, மின்சாரத்தில் ஓடும் சின்ன மிஷின் ஒன்றைத் தந்து அனுப்பினார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்.

“வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“மிஷின் வைக்கிறீங்கல்ல?”

“வைக்கிறேன் டாக்டர்.”

உண்மையைச் சொன்னால், பிள்ளை வளர்க்கத் துப்பில்லாதவள் என்று சிட்டுவைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த எனக்கும், “நல்லாயிருக்கோம்டி” என்ற பதில்தான். ஒரு மழைக்காலத்தில் இழுப்பு வந்து சிட்டு போய்விட்டாள்.

பொய் சொன்னதை அக்கா பிறகு மறைக்கவில்லை. ஆனால் கூடவே ஒன்று சொல்வாள்: “யார் எப்படிக் கேட்டிருந்தாலும் என் வாயிலேர்ந்து வந்திருக்காதுடி.” அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

பல வருஷம் கழித்து, அந்தப் பிரிவின் பெரிய டாக்டரம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். குழந்தையின் நெஞ்சைக் கேட்கத் தெரிந்த டாக்டர் பிள்ளைகளுக்கு அதன் வீட்டைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை, அதற்கும் பயிற்சி வேண்டும் என்றார். பழகுவதற்கு எதிரே ஒரு அம்மா வேண்டும்.

“நான் உண்மையச் சொல்லமாட்டேன். பரவாயில்லையா?” என்றாள் அக்கா.

“அதுக்குத்தாம்மா உங்களக் கூப்பிடுறேன்.”

மடியில் ஒரு பொம்மையோடு, மிஷின் வாங்கிப்போன இழுப்புக் குழந்தையின் அம்மாவாக அக்கா உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள்.

“உங்களுக்கு சமூக ரீதியா ஏதாவது சிரமம் இருக்கா?”

“ஒரு ரீதியாவும் இல்லீங்க.”

“சாப்பாடு, வீடு, கரண்ட் எல்லாம் ஓகேதானே?”

“பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு டாக்டர்?”

அறையே சிரிக்கும். கல்லம்மா என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தார்கள். யாராலும் அவளிடம் உண்மையை வாங்க முடிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா நிம்மதியாக வீடு திரும்புவாள். நன்றாக நடித்த பெருமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். கடைசியாக, சகாக்கள் தூங்குமூஞ்சி என்று கேலி செய்யும் ஒரு பையன் டாக்டர் வந்தான். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“பாப்பா பேர் என்னம்மா?”

அதுவரை யாரும் கேட்டதில்லை. அக்கா தடுமாறினாள். “சிட்டு.”

“ராத்திரி சிட்டு எங்க படுப்பா?”

“எம்பக்கத்துல. சுவரோரம். இல்லன்னா உருண்டுடுவா.”

“சுவரு எப்படி இருக்கும்?”

“...நனைஞ்சிருக்கும்.”

“இழுப்பு வந்தா லைட்டப் போட்டு மிஷின எடுப்பீங்களா?”

“லைட்டு எரியாது சார்.”

“சரிம்மா. அப்ப மிஷின் வேணாம். கரண்ட் இல்லாம கையால அமுக்குற மருந்து இருக்கு, இப்பவே தர்றேன். வீட்டு விஷயத்துக்கு எங்க ஆள் ஒருத்தர் உங்ககூட வருவாங்க. பாப்பாவ யாரும் உங்ககிட்டேர்ந்து எடுத்துக்க மாட்டாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா பொம்மையை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்தவள் கேட்டாள்.

“அவ்வளவுதானாடி?”

“என்னக்கா?”

“எங்க படுப்பான்னு கேட்டான். சொல்லிட்டேன். நான் கல்லுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்.”

“உன்மேல என்னக்கா தப்பு?”

“தப்பைப் பத்தி யாருடி பேசுறா? பிள்ளை பொழைச்சிருக்கும்னு சொல்றேன்.”

இனி அந்தப் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் போனாள். படுக்கையில் விழும்வரை போனாள். பொய்யும் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன பொய்யை நம்பி எழுந்திருக்கும் டாக்டரை மட்டும் அதன்பிறகு போகவிடுவதில்லை. வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொள்வாளாம்.

“போயிடாதீங்க டாக்டர். உக்காந்து இன்னொரு தடவ கேளுங்க. சொல்லிடுவேன்.”