புகை மணத்த சப்பாத்து

எண்பதுகளின் நடுவில் சுவிஸின் வின்டர்தூரில் ஒரு உரோமக் கோட்டுக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்தவனுக்கு நல்ல பொருத்தமான வேலைதான். கோட்டுகளை மரத்தூள் நிரப்பிய பெரிய உருளைக்குள் போட்டுச் சுழற்றி, அழுக்கும் மணமும் போக்க வேண்டும். சென்ட், சுருட்டு, நாய், எந்த மணமென்றாலும் மரத்தூள் உறிஞ்சிவிடும். அந்த உருளையில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

முதலாளியின் மனைவி கனடாக்காரி. தகப்பன் பிரெஞ்சு வழித் தோல் வியாபாரி. தாய் ஒஜிப்வே என்ற ஆதிக்குடிப் பெண். தோல் வாங்கப் போன இடத்தில் முதலாளி அவரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடையில் எல்லோருக்கும் அவர் மதாம். அவருக்கும் எனக்கும் ஜெர்மன் அரைகுறை. அதனாலேயே நன்றாகக் கதைத்துக்கொண்டோம்.

ஒரு மாசி மாதம் மதாமின் தாய் கனடாவில் இறந்துபோனார். கடிதம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு கிழமை. மதாம் அழுததை நான் காணவில்லை. சில நாள் கழித்து ஒரு சோடி மான்தோல் சப்பாத்தைக் கொண்டுவந்தார். தாய் தன் கையால் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தது. கணுக்காலைச் சுற்றியிருந்த முயல் உரோமம் ஒரு பக்கம் கழன்றிருந்தது.

“இதை மட்டும் தைச்சுத் தாரும்” என்றார்.

தைத்தேன். சப்பாத்து அடுப்படி போலப் புகை மணத்தது. துக்க வீட்டுக்காரிக்கு இப்படியா திருப்பிக் கொடுப்பது? கேட்காமலே உருளைக்குள் போட்டு இரண்டு தரம் சுழற்றினேன்.

மறுநாள் மதாம் ஒன்றை வாங்கி முகத்தோடு வைத்தார். பிறகு மற்றதை.

“மணம் எங்கை?”

“எல்லாம் போயிட்டுது மதாம், ஒரு துளியும் இல்லை” என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

தாயின் ஆட்கள் தோலைப் புகையில் பிடித்துத்தான் பதனிடுவார்களாம். தாயிடமிருந்து மிச்சமிருந்தது அந்த மணம் ஒன்றுதானாம். நான் ஜெர்மனில் படித்திருந்த மன்னிப்பு, பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தால் சொல்வது.

மதாம் ஏசவில்லை. சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“அப்பான்ரை ஆக்களின்ரை வீட்டை போகேக்குள்ளை அம்மாவே என்னைச் சவுக்காரம் போட்டுத் தேய்ப்பா. புகை மணந்தால் அவை பக்கத்திலை இருக்க விடமாட்டினம். நீர் செய்ததைத்தான் அம்மாவும் செய்திருப்பா.”

ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.